சிமெண்டுக்குள் போன ஃப்ளாப்பி

எனக்கு வேண்டியிருந்தது எங்கள் வீட்டுக் கார் ஷெட். அதற்குள் இருந்தவை பழைய கம்ப்யூட்டர் ஃப்ளாப்பிகள். ஆகஸ்ட் மாதம் எங்கள் வீட்டில் நடந்த சண்டைகள் அத்தனையும் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிர்கிஸ் நாட்டில் கரா-பால்தா எங்கள் ஊர். அதன் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் தையல் பட்டறை வைத்திருந்தேன். பள்ளிக்கூடச் சீருடைதான் எங்கள் வேலை. என்னையும், எல்லாருக்கும் மூத்தவளான பாத்மாவையும் சேர்த்து ஆறு பெண்கள். செப்டம்பர் முதல் தேதி பள்ளி திறக்கும். அதற்குள் வெள்ளைச் சட்டைகளும் நீல உள்கோட்டுகளும் கடைகளுக்குப் போயாக வேண்டும். ஆகஸ்ட் தொடக்கத்தில் கட்டடத்துக்காரர் வந்து, அடித்தளத்தை உடற்பயிற்சிக் கூடத்துக்கு விட்டாயிற்று, மாத நடுவில் காலி செய்துவிடுங்கள் என்றார். நான் கெஞ்சினேன். அவர் தன் வயிற்றைத் தட்டிக் காட்டி, "ஊருக்கே இப்போ இதைக் குறைக்கணுமாம், குலைம்" என்று என் பேரைச் சொல்லிச் சிரித்தார்.

பட்டறை ஒரு வாரம் மூடினால் போதும், என் பெண்கள் தலைநகர் பிஷ்கெக்கின் பெரிய பட்டறைகளுக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்ப மாட்டார்கள். பாத்மா மட்டும் இருப்பாள், அதுவும் என்னைத் திட்டுவதற்காக. வேறு வாடகை இடம் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது ஷெட்தான்.

என் கணவர் சோவெத்பெக் மெஷின் பழுது பார்ப்பவர். முன்பெல்லாம் எம்ப்ராய்டரி மெஷின்களுக்குப் பூ டிசைனை ஃப்ளாப்பியில் ஏற்றித்தான் கொடுக்க வேண்டும். பிஷ்கெக்கில் இருக்கிற எம்ப்ராய்டரி பட்டறைகளில் பாதிக்கு ஃப்ளாப்பி கொடுத்தவர் இவர்தான். நல்ல வியாபாரம். பிறகு எல்லாரும் மெஷினில் பென் டிரைவ் செருகும் துளையை வைத்துக்கொண்டார்கள். விற்பது நின்றது; வாங்குவதை இவர் நிறுத்தவில்லை. அலுவலகம் மூடினால் போவார், வங்கிக் கிளை மாறினால் போவார். பிஷ்கெக் ரோட்டில் இருந்த பின்னலாடை ஆலை இழுத்து மூடப்பட்டபோது ஒரு லாரி நிறையக் கொண்டுவந்து இறக்கினார். ஷெட்டில் கார் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. கார் மழையில் நிற்கும்; ஃப்ளாப்பிகள் கூரைக்கடியில் தூங்கும்.

"குப்பை லாரிக்குச் சொல்லியாச்சு. வியாழக்கிழமை வருது" என்றேன்.

"குப்பையா? ஆட்டை விக்க முடியலைன்னா அதுக்காகத் தெருவுல விரட்டி விட்டுருவாங்களா?"

"அறுத்துத் தின்னுவாங்க. நீங்களும் தின்னுங்க. நான் குறுக்கே நிக்கல."

அவர் போய் இணையத்தில் விளம்பரம் போட்டார். ஷெட்டின் படத்தை அவ்வளவு அழகாக எடுத்திருந்தார், எனக்கே ஒரு கணம் வாங்கலாம் போலிருந்தது. காக்கை விரட்டத் திராட்சைக் கொடியில் கட்டுவதற்குப் பத்து வேண்டும் என்று ஒருவன் கேட்டான். ஒருத்தி, காதில் மாட்டிக்கொள்ள இரண்டு போதும் என்றாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பட்டறையில் ஊசிக்கு நூல் கோப்பேன், நடுவில் வீட்டுக்கு போன் செய்து "யாராவது வந்தாங்களா?" என்று கேட்பேன், மறுபடி நூல் கோப்பேன். கோத்தது வேறு நிறமாக இருக்கும்.

அப்போதுதான் ரிம்மா சோய் வந்தாள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தராஸ் நகரம். அங்கேயிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்த கொரியக்காரி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். குட்டை முடி, ஆண்கள் போடுகிற கைக்கடிகாரம். ஷெட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுளித்து, "எலி இருக்கா?" என்றாள்.

"எலியும் வந்து பார்த்துட்டுத் தின்ன ஒண்ணும் இல்லைன்னு போயிருச்சு" என்றேன்.

சோவெத்பெக் என்னை முறைத்தார். "இவ்வளவும் எதுக்கும்மா உங்களுக்கு?" என்று அவளைக் கேட்டார்.

"சும்மா, வெறும் ஃப்ளாப்பியா விப்பேன். ஜெர்மனிக்காரங்க இதைக் காபிக் கோப்பைக்கு அடியில வைக்க வாங்கறாங்களாம். பைத்தியக்காரங்க. நமக்கென்ன?"

பெட்டிகளைத் திறந்து பார்த்தாள், மூடினாள். சாம்பல் நிற மூடி போட்ட ஒரு பெட்டியைத் திறந்தாள், மூடினாள், உடனே வெளியே பார்த்து, "இந்த வருஷம் உங்க பக்கம் நல்ல வெயில்" என்றாள். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. அவள் ஒரு விலை சொன்னாள். சோவெத்பெக் பேரம் பேச வாயைத் திறப்பதற்குள் நான் சரி என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

மறுநாள் அவள் அனுப்பிய லாரி வந்தது. பெட்டிகளை ஏற்றினோம். கடைசியாக அந்தச் சாம்பல் மூடிப் பெட்டியைத் தூக்கும்போது சோவெத்பெக் மூடியைக் கொஞ்சம் நெம்பி, உள்ளே கையை விட்டு, ஒன்றை உருவிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன். ஏனென்றால் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுப்பதில்லை. ஆட்டை விற்றால் அதன் முதுகில் ஒரு பிடி மயிரைப் பறித்து வைத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் வீட்டு ராசியும் அதன் பின்னாலேயே நடந்து போய்விடும். இதையெல்லாம் எங்கள் ஊரில் யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும். சோவெத்பெக்கின் அப்பா மேய்ச்சல்காரர். இவருக்குக் கை இன்னும் வேகமாகப் போகும்.

லாரி தெருமுனை திரும்பியதும் ஷெட்டுக்குள் போய்க் கத்திப் பார்த்தேன். எதிரொலித்தது. அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு ஓட்டம்தான். ஷெட்டின் தரை குண்டும் குழியுமாக இருந்தது. அதன் மேல் மெஷின் வைத்தால் நடக்க ஆரம்பித்துவிடும். சிமெண்ட் வாங்கிச் சோவெத்பெக்கே மட்டம் பார்த்துப் பூசினார். காய்வதற்கு விட்டு, மின்கம்பி இழுத்து, விளக்கு மாட்டி, அடித்தளத்திலிருந்து மெஷின்களைக் கொண்டுவந்து இறக்கினோம். வாசலுக்குப் பக்கத்தில் வெளிச்சமான இடத்தைப் பாத்மா பிடித்துக்கொண்டாள். ஒரு நாள்கூட முழுதாக வேலை நிற்கவில்லை. பெண்கள் யாரும் போகவில்லை. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினின் இரைச்சல் எங்கள் முற்றத்தில் கேட்டபோது, பல நாளாகத் தோளைவிட்டு இறங்காத ஏதோ ஒன்று இறங்கியது.

நான்கு நாள்தான் இறங்கியிருந்தது. ஐந்தாம் நாள் போன் வந்தது.

"நாலாவது எங்கே?" என்றாள் ரிம்மா. வணக்கம் இல்லை, நலமா இல்லை.

"எந்த நாலாவது?"

"சாம்பல் மூடிப் பெட்டி. பதினொண்ணு இருக்கணும். நாலாவது இல்லை. மூணுக்கு அப்புறம் அஞ்சு!"

"அதனால என்ன? ஜெர்மனிக்காரங்க மூணு கோப்பையோட நிறுத்திக்குவாங்களா?"

அவள் முதலில் ஜெர்மனிக்காரர்களைத் திட்டினாள். பிறகு கொட்டிவிட்டாள். தராஸில் அவள் ஒரு சின்னப் பின்னலாடை ஆலை நடத்துகிறாள். மெஷின் பழைய ஜெர்மன் மெஷின். அதை உயிர்ப்பிக்கிற புரோகிராம் பதினொரு ஃப்ளாப்பியில் வரும்; வரிசையாகப் போட்டால்தான் மெஷின் கண் திறக்கும். அவளுடைய பழைய ஃப்ளாப்பிகள் கெட்டுவிட்டன. குளிர்காலத்துக்கான ஸ்வெட்டர் வேலை முழுவதும் அப்படியே நிற்கிறது. இங்கே மூடிப்போன ஆலையில் அதே மெஷின் இருந்தது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். அவளுக்கு வேண்டியது அந்த ஒரே ஒரு பெட்டி.

"அப்போ அந்த ஒரு பெட்டியை மட்டும் கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா உன் புருஷன் என் மெஷினையே விலையாக் கேட்டிருப்பான்! இங்க பாரு குலைம். மிச்சப் பெட்டியை நான் எல்லை தாண்டிக் கொண்டுபோகவே இல்ல. உங்க பக்கத்துலயே, கயிந்தியில என் அண்ணன் மகனோட உருளைக்கிழங்குக் கிடங்குல கிடக்கு. அவன் கிழங்கு தோண்ட ஆரம்பிச்சுட்டான், தினமும் என்னைத் திட்டறான். நாலாவது வரலைன்னா எல்லாத்தையும் அப்படியே லாரியில ஏத்தி உன் ஷெட்டுல இறக்கிட்டு, கொடுத்ததைத் திருப்பி வாங்கிட்டுப் போவேன். நாளைக்கு வர்றேன்."

போனை வைத்துவிட்டு ஷெட்டைப் பார்த்தேன். ஆறு மெஷின், வெட்டும் மேசை, சட்டைகள் தொங்கும் கம்பி. பெட்டிகள் வந்து இறங்கினால் இதில் எதை எங்கே வைப்பது?

சோவெத்பெக் முற்றத்தில் மிதிவண்டியை உரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. மிதிவண்டிச் சங்கிலியை மட்டும் கீழே வைத்தார்.

"அந்தப் பெட்டியிலதான் அவளுக்குக் கண்ணுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "திறந்த வேகத்துல மூடிட்டு வெயிலைப் பத்திப் பேசினா பாரு. சந்தையில குதிரை வாங்கறவன் எந்தக் குதிரை வேணுமோ அதைத்தான் பார்க்கவே மாட்டான். வாங்கறவன் கண்ணு எதுல இருக்கோ, ராசியும் அதுலதான் இருக்கும். அதான் அதுலேர்ந்து எடுத்தேன்."

"ரொம்பக் கெட்டிக்காரர். எங்க அது?"

"பத்திரமா இருக்கு."

"எங்க?"

அவர் துணியில் கையைத் துடைத்தார். எழுந்து ஷெட்டுக்குள் வந்தார். பாத்மாவின் மெஷின் அருகே போய், கால் கட்டைவிரலால் தரையைத் தட்டினார். புதுச் சிமெண்ட்.

"இங்க" என்றார். "பாலித்தீன்ல சுத்தி, துணியில சுத்தி வச்சேன். புதுப் பட்டறைக்கு ராசி அடியிலேயே இருக்கட்டும்னு."

பாத்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கால்களைத் தூக்கிக்கொண்டாள். "நான் இத்தனை நாளா அதும் மேலயா உக்காந்திருந்தேன்? அதான் ஒரு தையல்கூடக் கோணலா வரலை."

"உன்னால கோணாத தையல் எந்தக் காலத்துல இருந்துச்சு?" என்றேன். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கு இவள்தான் கைக்குக் கிடைத்தாள்.

அன்று முழுவதும் சோவெத்பெக் மசியவில்லை. மண்ணுக்குக் கொடுத்த ராசியைத் திருப்பிக் கேட்பது செத்தவரிடம் கடன் கேட்பது போல என்றார். முன்பு ஒருமுறை பசுவைக் கயிற்றோடு விற்றுவிட்டு அவருடைய அப்பா என்ன பாடுபட்டார் தெரியுமா என்றார். தெரியாது, சொல்லவும் வேண்டாம் என்றேன். பெட்டிகள் திரும்பி வந்தால் ராசியை வைத்துக்கொள்ளப் பட்டறையே இருக்காது என்றேன். அதற்கு அவர் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது உளியையும் சுத்தியலையும் எடுத்து வைத்திருந்தார்.

ரிம்மா வந்து சேர்ந்த நேரத்தில் தரை பாதி உடைந்திருந்தது. வெள்ளைச் சட்டைகளின் மேல் கிடைத்த போர்வையெல்லாம் போட்டு மூடியிருந்தோம்; இருந்தும் சிமெண்ட் தூசி கழுத்துப்பட்டையில் போய் உட்கார்ந்தது. பாத்மாவின் மெஷினைத் தள்ளி வைத்தாயிற்று. மற்ற நான்கு பேரும் நிறுத்தாமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் சாயங்காலம் வண்டி அனுப்புவார். ரிம்மா வாசலில் நின்று குழியைப் பார்த்தாள், உளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பைப்பு வெடிச்சிருச்சா?"

"இல்ல. உங்க நாலாவது உள்ள இருக்கு."

அவள் மெதுவாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கிர்கிஸ்காரங்களோட வியாபாரம் பண்ணாதேன்னு எங்க அப்பா சொல்வாரு. காரணம் மட்டும் சொன்னதில்ல."

துணி முடிச்சு வெளியே வந்தது. பிரித்தோம். உள்ளே பாலித்தீன், உள்ளே கருநீல ஃப்ளாப்பி, காகிதச் சீட்டில் நான்கு என்று அச்சிட்டிருந்தது. ஈரம் படவில்லை. ரிம்மா பையிலிருந்து மடிக்கணினியையும் ஃப்ளாப்பி படிக்கும் கருவியையும் எடுத்து வெட்டும் மேசையில் வைத்தாள். செருகினாள். அது கர்ரென்று இழுத்தது, நின்றது, டக் டக் என்று அடித்தது. ஓவர்லாக்கில் இருந்தவர்கள்கூடக் காலை எடுத்துவிட்டார்கள். சோவெத்பெக் தலையைச் சாய்த்து, பசுவின் வயிற்றில் கன்றுக்குட்டி அசைகிறதா என்று கேட்பவர் போலக் கேட்டார். மறுபடி கர்ர். பிறகு ஓடியது. திரையில் வரிசை வரிசையாகப் பெயர்கள் வந்தன.

"முழுசா இருக்கு" என்றாள் ரிம்மா. முகம் அப்படியே தளர்ந்து போயிற்று. அவளும் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்துத் தேநீர் வைக்கத் திரும்பினேன். சோவெத்பெக் மேசைமேல் ஒரு கையை ஊன்றினார்.

"இப்ப ஒரு நகல் எடுத்துக்குங்க. அசலை நான் மறுபடி குழியில வச்சு மூடிடறேன்."

"நகலா? என் மெஷின் அசலைத்தான் திங்கும். நகலைப் போட்டாத் துப்பிடும்."

"நான் எடுத்துக் கொடுக்கறேன். அச்சு அசலா இருக்கும். இருபது வருஷமா இதே தொழில். ரெண்டையும் கலந்து வச்சா உங்களாலயே கண்டுபிடிக்க முடியாது."

"ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒண்ணேதான்."

"அப்ப நகலை நீங்க புதைச்சுக்குங்க. அசலை நான் கொண்டுபோறேன்."

சோவெத்பெக் கையை இன்னும் அழுத்தி ஊன்றினார். "நகல்ல ராசி இருக்காது" என்றார்.

"இப்பத்தான் ஒண்ணேதான்னீங்க!"

"உள்ள இருக்கறது ஒண்ணு. ராசி வேற."

"என் மெஷினும் அதையேதான் சொல்லுது!" என்று ரிம்மா மேசையைத் தட்டினாள். "தராஸ் வரைக்கும் போய், போட்டுப் பார்த்து, துப்பிச்சுன்னா மறுபடி எல்லையில வரிசையில நிக்கணுமா நான்? அசல் இல்லாம நகர மாட்டேன். இல்லையா, இப்பவே என் அண்ணன் மகனுக்குப் போன் போடறேன், பெட்டியெல்லாம் வரட்டும்."

இந்த நேரம் பார்த்துப் பின்னால் டக்கென்று ஒரு சத்தம். மறுபடி தைக்க ஆரம்பித்திருந்த நால்வரில் ஒருத்தி நூர்ஜாத். அவள் மெஷினில் ஊசி உடைந்திருந்தது. சும்மா உடையும், தினமும் இரண்டு உடையும். ஆனால் எல்லாரும் குழியைப் பார்த்தார்கள்.

"வெளியே எடுத்ததும் ஆரம்பிச்சிருச்சு" என்றாள் பாத்மா. "நான் அந்த இடத்துல இனிமே உக்கார மாட்டேன் குலைம். வேணும்னா நீ உக்காரு."

மற்ற பெண்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தியும் மெஷினைத் தொடவில்லை. போர்வைக்கடியில் சட்டைகள். சாயங்காலம் வண்டி. அசலைக் கொடுத்தால் பெண்கள் எழுந்து போவார்கள். கொடுக்காவிட்டால் பெட்டிகள் வந்து இறங்கும். இரண்டில் எதுவானாலும் ஷெட் எனக்கு இல்லை. அந்த நெருக்கடியில்தான் அந்த யோசனை வந்தது. நிதானமாக இருந்திருந்தால் வந்திருக்காது.

"ராசி வெளியாள் வீட்டுக்குப் போனாத்தானே போச்சு?" என்றேன். "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா?"

சோவெத்பெக் திரும்பினார். "சொந்தத்துக்குள்ள போனா அது போறது ஆகாது. ஒரு அறையிலேர்ந்து இன்னொரு அறைக்குப் போற மாதிரி."

"உங்களுக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. ரிம்மாவை அக்காவா எடுத்துக்குங்க. மறுமை வரைக்கும் அக்கா. ஊர்ல எத்தனை பேர் இப்படி உறவு எடுத்துக்கலை?"

பாத்மா மெதுவாக, "சட்டப்படி சரிதான்" என்றாள். எந்தச் சட்டம் என்று நான் கேட்கவில்லை.

ரிம்மா எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு ஏற்கெனவே நாலு தம்பி இருக்கானுங்க. ஒருத்தனும் உருப்படல" என்றாள். பிறகு ஃப்ளாப்பியைப் பார்த்தாள். "என்ன பண்ணணும் நான்?"

ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை. ரொட்டியும் உப்பும் கொண்டுவந்தேன். இருவரும் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். நான் என் பெட்டியிலிருந்து புது வெள்ளைத் தலைத்துணி எடுத்து ரிம்மாவின் குட்டை முடியில் கட்டிவிட்டேன். பாத்மாதான் அங்கே மூத்தவள். அவள் துவா கேட்கக் கையேந்தி வாழ்த்துச் சொன்னாள், அது முடிந்ததும் எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டோம். சோவெத்பெக் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அந்த ஃப்ளாப்பியை எடுத்து, "அக்கா, உங்க வீட்டுக்கு" என்று கொடுத்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ரிம்மாவுக்கும்தான், ஆனால் அவள் உடனே அதைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. குழியில் சிமெண்டைக் கொட்டி, பலகை போட்டு, அதன்மேல் பாத்மாவின் மெஷினை ஏற்றினோம். பாத்மா உட்கார்ந்தாள்.

தேநீர் ஊற்றி, பொரித்த மாவுத் துண்டுகளும் ஜாமும் வைத்தேன். ரிம்மா இரண்டாவது கோப்பை கேட்டபோது அவள் போன் அடித்தது. பேசியவன் குரல் எனக்கே கேட்டது. உருளைக்கிழங்கு என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் நல்ல சொல் இல்லை. ரிம்மா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு சோவெத்பெக்கைப் பார்த்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"தம்பி" என்றாள்.

அவள் அந்தச் சொல்லை இழுத்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தேன்.

"தம்பி, அந்தப் பெட்டியெல்லாம் என் அண்ணன் மகன் கிடங்குல கிடக்கு. அவனுக்கு இடமில்லையாம். நான் அதை எங்க கொண்டுபோவேன்? எல்லையில ஒவ்வொண்ணாத் திறந்து பாப்பானுங்க. கொஞ்ச நாளைக்கு உன் வீட்டுல இருக்கட்டுமே. திருப்பித் தரலை, பணமும் கேக்கலை. அக்கா சாமான் தம்பி வீட்டுல இருக்கு, அவ்வளவுதான்."

"அக்கா கேட்டு நான் இல்லைன்னு சொல்வேனா!" என்றார் சோவெத்பெக். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அக்கா கிடைத்த சந்தோஷமா, ஃப்ளாப்பிகள் திரும்பும் சந்தோஷமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. "இப்பவே ஏத்தச் சொல்லுங்க!"

மூத்த நாத்தனார் கேட்டதை மறுக்கும் மருமகள் எங்கள் ஊரில் கிடையாது. மறுத்தால் பாத்மாவே என்னை நிறுத்தி வைத்துக் கேட்பாள். நாத்தனாரே இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் என்று என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. அரை மணி நேரத்துக்கு முன்னால், என் வாயால், நானே ஒருத்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தேன்.

கயிந்தியிலிருந்து லாரி வர நேரமே ஆகவில்லை. கிழங்கு மண்ணோடு பெட்டிகள் வந்தன. ஓட்டுநர் வாசல் கதவைத் திறந்து, வண்டியைப் பின்னோக்கி நேராக ஷெட்டுக்கே விட்டான். பழக்கமான வழி. நான் ஓடிப்போய் ஷெட் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் ஆறு மெஷினில் ஐந்து ஓடிக்கொண்டிருந்தது.

"தள்ளு குலைம், காலு மாட்டிக்கும்" என்றார் சோவெத்பெக்.

"இது யார் சாமான்?" என்றேன்.

"என்ன கேள்வி? அக்காவோடது."

"அக்கா வீட்டுக்கு வந்தா எங்க உக்கார வைப்பீங்க? ஷெட்டுலயா? ஆட்டுக் கொட்டில்லயா?"

அவர் நின்றுவிட்டார்.

"வாசலுக்கு எதிர்ச் சுவர் ஓரமா, பெரியவங்களுக்குன்னு விடற மேலிடத்துல மெத்தை போட்டு உக்கார வைப்பீங்களா மாட்டீங்களா? அக்கா சாமானுக்கு மட்டும் ஷெட்டா? இப்பத்தான் ரொட்டி பிய்ச்சுத் தின்னீங்க, அதுக்குள்ள மரியாதை குறைஞ்சிருச்சா?"

லாரி ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தான். ஷெட்டுக்குள்ளிருந்து பாத்மா, "அவ சொல்றது ஞாயம்தான். அக்கா சாமான் மேலிடத்துக்குத்தான் போகணும்" என்றாள். ரிம்மா தலைத்துணிக்கடியில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். தனக்குச் சரியான ஆள் வாய்த்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்ட சிரிப்பு.

பெட்டிகள் வீட்டுக்குள் போயின. கூடத்தில் மேலிடம் முழுவதும், சுவரோடு சுவராக, உத்தரம் வரைக்கும். மெத்தைகளைச் சுருட்டிச் சமையலறையில் வைத்தோம். அன்றைக்குச் சாயங்காலம் கடை வண்டியில் சட்டைகள் போயின. இரண்டு கழுத்துப்பட்டையில் மட்டும் சிமெண்ட் கறை, துவைத்துக் கொடுத்துவிட்டேன்.

இப்போது நாங்கள் வாசல் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், கூலிக்கு வந்தவர்கள் போல. சோவெத்பெக் பெட்டிகளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மிஞ்சிய இடத்தில் படுக்கிறார். புரண்டால் முட்டுகிறது. புரளாமல் அவருக்குத் தூக்கம் வராது.

நேற்று ரிம்மா போன் செய்தாள். மெஷின் ஓடுகிறதாம், ஸ்வெட்டர் பின்னுகிறதாம். தம்பி நலமா, பாத்மா நலமா என்றெல்லாம் கேட்டாள். கடைசியில், அக்டோபரில் வருகிறேன், பத்து நாளாவது தங்குவேன், எனக்கு இடம் ஒழித்து வை என்றாள்.

"எந்த இடம் அக்கா?" என்றேன்.

"என்ன கேள்வி? மேலிடம்தான்."

போனை வைத்ததும் சோவெத்பெக்கைப் பார்த்தேன். அவர் பெட்டிகளைப் பார்த்தார், பிறகு ஜன்னலுக்கு வெளியே முற்றத்தைத் தாண்டி ஷெட்டைப் பார்த்தார். நான் எழுந்துபோய் ஷெட் சாவியை ஆணியிலிருந்து எடுத்து, நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். தைக்கக் குனியும்போதெல்லாம் அது மெஷினில் இடிக்கிறது.